'அறுகோண நீர்' மட்டும்தான் செல்லுக்குள் போகுமா?

"சாதாரணத் தண்ணீர் உடலின் செல்லுக்குள் போகாது, மூலக்கூறுகள் அறுகோணமாக அடுக்கப்பட்ட 'அறுகோண நீர்'தான் நுழையும்" என்று ஒரு செய்தி வாட்ஸ்அப்பில் சுற்றுகிறது. கூடவே அந்த நீரைத் தயாரிப்பதாகச் சொல்லும் இயந்திர விற்பனையும் நடக்கிறது. இது பொய்.

நீர் மூலக்கூறுகளுக்கு இடையிலான பிணைப்புகள் ஒரு நொடியின் லட்சம் கோடியில் சில பங்கு நேரத்திலேயே அறுந்து மறுபடி சேர்பவை. அறுகோணமாக அடுக்கி பாட்டிலில் வைத்திருக்க வழியே இல்லை.

செல்லுக்குள் நீர் போவதைக் கண்ணாலேயே பார்த்திருக்கிறார்கள். 1992-இல் அமெரிக்க அறிவியலாளர் பீட்டர் அக்ரே குழுவினர் தவளை முட்டைச் செல்களில் ஒரு புரதத்தை உருவாக்கி, உப்புச்செறிவு குறைந்த கரைசலில் இட்டார்கள். நுண்ணோக்கியின் கீழ் அவை சில நிமிடங்களில் உப்பி வெடித்தன. புரதம் இல்லாத செல்கள் அப்படியே இருந்தன. அந்தப் புரதம்தான் செல்லுக்குள் நீர் போகும் வழி; அக்வாபோரின் என்ற அந்த நீர்வழிக்காக 2003-இல் அக்ரேக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதன் குறுகிய இடத்தில் மூலக்கூறுகள் ஒவ்வொன்றாக, வரிசையில்தான் போக முடியும். அறுகோணக் கூட்டம் என்று ஒன்று இருந்தாலும் அங்கே கலைந்தாக வேண்டும்.

இன்று கால்சீன் என்ற ஒளிரும் சாயத்தைச் செல்லுக்குள் ஏற்றி, நீர் வெளியேறிச் செல் சுருங்கும்போது ஒளி மங்கும் வேகத்தை அளக்கிறார்கள். அந்தச் சோதனைகளில் ஓடுவது சாதாரண நீர்தான்.