லாரிக்காரன் ஓசி ரோட்டில் ஓடுகிறானா?

போன ஞாயிறு சொந்தத்தில் ஒரு கிடாவெட்டு. பந்தியில் என் பக்கத்து இலை மச்சினனுக்கு. அவன் ஈரோட்டில் கூட்ஸ் வண்டி ஓட்டுகிற லோகோ பைலட். நான் சங்ககிரிக்காரன், அப்பா காலத்திலிருந்து லாரித் தொழில். இரண்டாவது முறை கறி வைக்கும்போது ஆரம்பித்தான்: "மாமா, எங்க தண்டவாளத்த நாங்களே போட்டு நாங்களே பாத்துக்கறோம். உங்களுக்கு ரோடு போட்டுக் குடுக்கறது கவர்மெண்ட்டு. ஓசி ரோட்டுல ஓடிட்டு வாடகையில எங்களோட போட்டிக்கு வர்றீங்க."

இலையை மடித்த பிறகும் பேச்சு ஓயவில்லை. வீட்டுக்கு வந்து ஆற அமரக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். அவன் சொன்னதில் பாதி தப்பு. மீதிப் பாதி, ஒப்புக்கொள்ளக் கூச்சமாக இருந்தாலும், சரிதான்.

முதலில் தப்பான பாதி. 2025 கணக்குப்படி ஒரு லிட்டர் டீசலில் ஒன்றிய அரசு வரியும் மாநில அரசு வரியும் சேர்ந்து முப்பது ரூபாய்க்கு மேல். லோடு வண்டி லிட்டருக்கு நாலு கிலோமீட்டர் கொடுத்தால் பெரிய விஷயம். ஆக, வண்டி நகர்கிற ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏழெட்டு ரூபாய் வரியாகவே போகிறது. திரும்பி வரும்போது லோடு கிடைக்காமல் காலியாக வந்தாலும் கட்டியாக வேண்டும். டீசல் ஜிஎஸ்டிக்குள் வராததால் அந்த வரியை எங்கேயும் கழித்துக்கொள்ள வழியில்லை. இது போக டோல், ரோடு டாக்ஸ், நேஷனல் பர்மிட், வண்டி ஓடத் தகுதியானது என்கிற எஃப்சி சான்று, இன்சூரன்ஸ். டீசலில் பிடிக்கிற சாலை நிதியில் ஒரு பங்கு ரயில்வே வேலைகளுக்கும் போகிறது. இதைச் சொன்னபோது மச்சினன் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும்.

ஆக, ஓசி என்ற பேச்சுக்கே இடமில்லை. ஆனால் கட்டுகிற காசுக்கும் ரோட்டுக்கு நாங்கள் செய்கிற சேதத்துக்கும் ஏதாவது சம்பந்தம் இருக்கிறதா என்று பார்த்தால், அங்கேதான் எனக்குப் பேச்சு வரவில்லை.

1958 முதல் 1960 வரை அமெரிக்காவின் இலினாய் மாநிலத்தில், இதற்கென்றே ரோடு போட்டு, அதன் மேல் மாதக்கணக்கில் லாரிகளை ஓட்டிச் சோதித்தார்கள். அச்சின் மேல் விழும் எடை இரட்டிப்பானால் சேதம் இரட்டிப்பாவதில்லை, ஏறக்குறைய பதினாறு மடங்காகிறது என்று அதில் தெரிந்தது. நம் ஊர் ரோடுகளையும் இந்தக் கணக்கை வைத்துத்தான் வடிவமைக்கிறார்கள். 8.16 டன் ஏறிய ஒரு அச்சு ஒருமுறை கடந்தால் அது ஒரு அலகு சேதம். 2018 ஜூலையில் ஒன்றிய அரசு, நாலு டயர் உள்ள ஓர் அச்சுக்கான வரம்பை 10.2 டன்னிலிருந்து 11.5 டன்னாக ஏற்றியது. எடையில் கூடியது பதின்மூன்று சதவீதம்கூட இல்லை. சேதமோ 2.4 அலகிலிருந்து 3.9க்கு, அதாவது அறுபது சதவீதத்துக்கு மேல் ஏறிவிட்டது. சட்டப்படி ஏற்றினாலே இந்தக் கதி.

டோலுக்கு வருவோம். 2008 விதிகளில் அடிப்படைக் கட்டணம் கிலோமீட்டருக்குக் காருக்கு 65 பைசா, சாதாரண லாரிக்கு 2 ரூபாய் 20 பைசா. விலைவாசியோடு சேர்ந்து ஆண்டுதோறும் ஏறினாலும் விகிதம் அப்படியே நிற்கிறது. காரைப் போல் மூன்றரை மடங்குகூட நாங்கள் கட்டுவதில்லை. அரை டன் தாங்குகிற கார் அச்சையும் பதினொன்றரை டன் தாங்குகிற லாரி அச்சையும் மேலே சொன்ன கணக்கில் போட்டுப் பாருங்கள், வித்தியாசம் லட்சங்களில் வரும். அதைவிட வேடிக்கை, டோலில் பார்ப்பது அச்சு எத்தனை என்றுதான். காலி வண்டிக்கும் சட்டப்படி முழு லோடு ஏற்றிய வண்டிக்கும் ஒரே கட்டணம். அதே பாரத்தை இன்னோர் அச்சில் பிரித்து ஏற்றி ரோட்டைக் காப்பாற்றுகிறவன் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இதுவாவது டோல் உள்ள ரோடு. கிரஷரிலிருந்து எம்சாண்டும் ஜல்லியும் ஏற்றிக்கொண்டு பஞ்சாயத்து ரோட்டில் இறங்குகிற டிப்பர்களைப் பாருங்கள். டூவீலரும் டிராக்டரும் போவதற்குப் போட்ட மெல்லிய தார் ரோடு. ஒரு மழைக்காலம் தாண்டாது. அங்கே டோலும் இல்லை, எடை மேடையும் இல்லை. மறுபடி ரோடு போடுகிற செலவு ஊராருடையது.

ஓவர்லோடு விஷயத்தில் நான் யோக்கியன் வேஷம் போட முடியாது. அப்பா பத்து டன் வண்டியில் பதினாலு ஏற்றியவர். ஸ்பிரிங் பட்டைக்கு மேல் பட்டை சேர்த்து, உயரம் கட்டி, தார்ப்பாய் போட்டு மூடி. எல்லோரும் ஏற்றினார்கள். ஏற்ற மாட்டேன் என்றால் புரோக்கர் அடுத்த வண்டியைக் கூப்பிடுவார். அதில் பணக்காரரானோமா? இல்லை. எல்லா வண்டியும் நாலு டன் கூடுதலாக ஏற்றும்போது டன்னுக்கு வாடகை தானாக இறங்கிவிடும். லாபம் சரக்கு அனுப்புகிறவனுக்கு. பட்டை உடைவதும் டயர் வெடிப்பதும் கேஸ் வாங்குவதும் எங்களுக்கு. 2019 திருத்தத்துக்குப் பிறகு அபராதம் இருபதாயிரம், கூடுதல் டன் ஒவ்வொன்றுக்கும் இரண்டாயிரம். தாளில் பயங்கரமான தொகை. வழியில் கைமாறுகிற தொகை அதைவிடச் சின்னது என்பது லைனுக்குப் போகிற எல்லோருக்கும் தெரியும்.

சரி, ரயில் பக்கம் மட்டும் சுத்தமா?

பயணச்சீட்டில் அச்சடித்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள்: பயணச் செலவில் சராசரியாக 57 சதவீதத்தைத்தான் ரயில்வே வசூலிக்கிறதாம். மீதியில் பெரும்பகுதியைக் கட்டுவது கூட்ஸ் வண்டி. ரயில்வே வருமானத்தில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு சரக்கிலிருந்து வருகிறது. அந்தச் சரக்கில் பாதி நிலக்கரி. மேட்டூர் அனல் மின் நிலையத்துக்கு வருகிற நிலக்கரிக்கும் அந்தக் கட்டணம்தான். டிக்கெட்டில் மிச்சம் பிடிக்கிற காசை நாம் கரண்ட் பில்லில் கட்டுகிறோம். ஆக, ரயில் சரக்கு தன் பங்கையும் கட்டி, நம் பங்கையும் சேர்த்துக் கட்டுகிறது. இது அநியாயம் என்றால் மச்சினனோடு நானும் கை தூக்குவேன். ஆனால் "எங்க தண்டவாளத்த நாங்களே" என்பது பழைய கதை. 2024-25இல் மட்டும் ரயில்வேயின் மூலதனச் செலவுக்கு இரண்டரை லட்சம் கோடி ரூபாய் பட்ஜெட்டிலிருந்து வந்தது. முன்பு அரசுக்கு ஆண்டுதோறும் கட்டிவந்த ஈவுத்தொகையையும், ரயில்வே பட்ஜெட்டைப் பொது பட்ஜெட்டோடு சேர்த்தபோது நிறுத்திவிட்டார்கள்.

சுதந்திரம் வாங்கிய புதிதில் நாட்டின் சரக்கில் எண்பது சதவீதத்துக்கு மேல் ரயிலில் போனது. இன்று கால் பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். லாரி மலிவு என்பதால் மட்டும் இது நடக்கவில்லை. கூட்ஸ் ரயிலின் சராசரி வேகம் மணிக்கு 25 கிலோமீட்டர் வாக்கில். முழு ரேக், அதாவது ஒரு முழு கூட்ஸ் ரயில் என்றால் இரண்டாயிரத்து ஐந்நூறு டன்னுக்கு மேல். திருச்செங்கோட்டில் போர்வெல் போடுகிற ரிக் வண்டிக்குச் சாமான் அனுப்புகிறவன், நாமக்கல்லில் முட்டை ஏற்றுகிறவன் அத்தனை டன்னுக்கு எங்கே போவான்? நெல், நிலக்கரி, சிமென்ட் கதை வேறு. அதெல்லாம் ரயிலில்தான் போக வேண்டும் என்று லாரி வீட்டில் பிறந்த நானே சொல்கிறேன்.

சுவிட்சர்லாந்தில் 2001 முதல் லாரிக்கு, அதற்கு அனுமதித்த மொத்த எடையையும் ஓடிய தூரத்தையும் பெருக்கி வசூலிக்கிறார்கள். 57 கிலோமீட்டர் கோட்ஹார்ட் ரயில் சுரங்கத்துக்கு அந்தப் பணமும் உதவியது. நம் ஊரில் அதைக் கொண்டுவரலாமா என்றால், நான் வேண்டும் என்பேன், இரண்டு நிபந்தனையோடு. டீசல் வரியை அந்த அளவுக்குக் குறைத்துவிட்டு வசூலியுங்கள். ஓவர்லோடுக்கான பில்லை, சரக்கோடு போகிற இ-வே பில்லில் யார் பெயர் இருக்கிறதோ அந்தச் சரக்குக்காரனுக்கு அனுப்புங்கள். நைட்டு ரெண்டு மணிக்கு டோலில் டிரைவரை இறக்கி நிற்க வைக்க வேண்டாம்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போதே மச்சினனிடமிருந்து போன். மகுடஞ்சாவடி ஸ்டேஷனில் வண்டியை லூப் லைனில், அதாவது ஒதுங்கி நிற்கிற தண்டவாளத்தில் போட்டுவிட்டார்களாம், எக்ஸ்பிரஸ் மேல் எக்ஸ்பிரஸாகத் தாண்டிப் போகிறதாம், எப்போது சிக்னல் விழும் என்று தெரியாதாம். "மாமா, வண்டிய விட்டு எறங்க முடியாது. பக்கத்துலதான இருக்கீங்க, நாலு புரோட்டா வாங்கிட்டு வர்றீங்களா?"

பைக்கை எடுத்துக்கொண்டு கிளம்புகிறேன். கமெண்டில் திட்டுகிறவர்கள் திட்டுங்கள், வந்து பதில் சொல்கிறேன்.