"பேராசை" என்று எழுதியவர்களுக்கு

மூன்று நாளாகப் பொறுத்துப் பார்த்தேன், முடியவில்லை. கருங்கல் ஊர்ப் பக்கத்துப் பையன் ஒருவன், ஆஸ்திரேலியாவில் வேலைக்கு ஸ்பான்சர் லெட்டர் வாங்கித் தருவதாகச் சொன்ன ஏஜென்டிடம் ஆறு லட்சம் கொடுத்து ஏமாந்த விஷயம் உங்களுக்கெல்லாம் தெரியும். ஆறு லட்சம் போனதைவிட, நம்ம ஊர்க்காரர்களே கமெண்டில் "பேராசைப்பட்டான், அனுபவிக்கட்டும்" என்று எழுதியதுதான் எனக்குத் தாங்கவில்லை. அவன் ஆசைப்பட்டது ஒரு வெல்டிங் வேலைக்கு. இதில் பேராசை எங்கே வந்தது?

ஆஸ்திரேலியாவில் ஒரு கம்பெனி ஸ்பான்சர் செய்தால் அந்தச் செலவு கம்பெனியுடையது. நம்முடையது இல்லை. வெளிநாட்டு ஆளைக் கம்பெனி வேலைக்குக் கூப்பிடும் பழைய 482 விசாதான், 2024 டிசம்பரில் பெயரையும் சில விதிகளையும் மாற்றினார்கள், வழி அதேதான். கம்பெனி முதலில் ஸ்பான்சராக அனுமதி வாங்க வேண்டும், அப்புறம் இந்த வேலைக்கு இந்த ஆள் என்று நாமினேஷன் போட வேண்டும், அதோடு பயிற்சி நிதிக்குச் சின்னக் கம்பெனி வருஷத்துக்கு 1,200 டாலர், பெரியது 1,800 டாலர் கட்ட வேண்டும். நாலு வருஷத்துக்கு ஆள் எடுத்தால் நாலு மடங்கு. இதை வேலைக்கு வருகிறவன் தலையில் கட்டக் கூடாது என்பது அந்த நாட்டுச் சட்டம். ஸ்பான்சர்ஷிப்பை விலைக்கு விற்பது 2015 டிசம்பரிலிருந்தே அங்கே குற்றம்.

ஆக, "ஸ்பான்சர் லெட்டருக்கு இவ்வளவு" என்று எவன் கேட்டாலும் அவன் திருடன். அந்தச் செலவு கம்பெனியுடையது.

என் அண்ணனுக்கும் இது நடந்தது, வேறு நாடு, வேறு ஏஜென்ட். ரப்பர் விளையில் ஆறு சென்ட் விற்றோம், அம்மாவின் செயின் அடகுக்குப் போனது. "அடுத்த வாரம் டிக்கெட்" என்று சொன்ன ஒவ்வொரு தடவையும் அண்ணன் கொண்டுபோக அம்மா முந்திரிக்கொத்து செய்தார். இரண்டு தடவை செய்தார். மூன்றாவது தடவை பயறு வறுக்க அடுப்படிக்குப் போனவர், வறுக்காமலே வந்து உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கும் ஊரில் சொன்னார்கள், பேராசை என்று.

"ஏஜென்டும் பிழைக்க வேண்டாமா" என்று கேட்கிறீர்கள். பிழைக்கட்டும். பதிவு பெற்ற ஏஜென்ட் 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும் வாங்கலாம் என்று நம் அரசே வரம்பு வைத்திருக்கிறது. ஆங்கிலத் தேர்வு, மெடிக்கல், விசா கட்டணம் நம் கையிலிருந்து போகலாம், ஒத்துக்கொள்கிறேன், அதற்கெல்லாம் ரசீது வரும். ஆறு லட்சத்துக்கு ரசீது வந்ததா?

"நெட்டில் பார்த்திருக்கலாமே" என்று ஒருவர். நீங்கள் எத்தனை பேர் இதைத் தெரிந்து வைத்திருந்தீர்கள், நெஞ்சில் கை வைத்துச் சொல்லுங்கள். ஐடிஐயில் எலக்ட்ரோடு பிடிக்கச் சொல்லிக்கொடுக்கிறோம். ஆஃபர் லெட்டரை எப்படிப் படிப்பது, ஏஜென்டின் பதிவை மத்திய அரசின் இமைக்ரேட் இணையதளத்தில் எப்படிப் பார்ப்பது என்று யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

இன்னொருவர் எழுதியதுதான் மிக மோசம்: "காசு கொடுத்தாவது போய்ச் சேர்ந்தால் சம்பாதித்து விடலாம்." அய்யா, விலைக்கு வாங்கிய ஸ்பான்சர்ஷிப் என்று தெரிந்தால் காசு கொடுத்துப் போனவன் விசாவும் ரத்தாகலாம், அபராதமும் வரலாம். ஒழுங்காகப் போனவனுக்கு, வேலை போனாலும் வேறு ஸ்பான்சர் தேட 2024 ஜூலையிலிருந்து 180 நாள் தருகிறார்கள். திருட்டு வழியில் போனவன் பயந்துகொண்டே முதலாளி சொன்னதற்கெல்லாம் தலையாட்ட வேண்டும். தெரியாமல் இன்னொரு வீட்டுப் பிள்ளைக்கு இந்த யோசனையைச் சொல்லாதீர்கள்.

அப்புறம், அந்தப் "பேராசை" கமெண்டை இன்றைக்கே எடுத்துவிடுங்கள். நேற்று அந்த வீட்டுக்குப் போயிருந்தேன். அவன் தங்கச்சி ஒவ்வொன்றாக வாசிக்க, அம்மா கேட்டுக்கொண்டு இருந்தார்.