ஜன்னலைத் திறக்கச் சொன்னதில் என்ன தப்பு?

அன்றைய கூட்டத்தில் நடந்தது இங்கே பலருக்கும் தெரியும். கொரோனா பரவாமல் இருக்க நான் கேட்டது ஒன்றே ஒன்று: "அந்த ஜன்னல்களைத் திறந்து வைக்கலாமே?" வந்த பதில்: "வாசலில் சானிடைசர் வைத்திருக்கிறோமே, அப்புறம் என்ன?" கூடவே ஒரு சிரிப்பு.

கை கழுவ வேண்டாம் என்று நான் சொல்லவே இல்லை. கழுவுங்கள், நல்லது. ஆனால் கொரோனா முக்கியமாகக் காற்றில்தான் பரவுகிறது. இருமினால்தான் என்றில்லை, பேசினாலும், பாடினாலும், சும்மா மூச்சு விட்டாலும் கண்ணுக்குத் தெரியாத நுண்துளிகள் வெளியே வருகின்றன. பெரியவை தரையில் விழுந்துவிடும், சின்னவை மிதக்கும். யாரோ ஒரு மூலையில் பிடிக்கும் சிகரெட்டின் புகை அறை முழுக்கப் பரவுகிறதே, அந்த மாதிரி. கிருமி பட்ட பரப்பை ஒரு முறை தொடுவதால் தொற்றும் வாய்ப்பு பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒன்றுக்கும் குறைவு என்று அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமே 2021-ல் எழுதிவிட்டது. இன்னும் மேஜையைத்தான் துடைத்துக்கொண்டிருக்கிறோம்.

2020 மார்ச் 10, வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு பாடகர் குழுவின் ஒத்திகை. 61 பேர், சுமார் இரண்டரை மணி நேரம். வாசலில் சானிடைசர் இருந்தது, கட்டிப்பிடிப்பதைக்கூடத் தவிர்த்தார்கள். 53 பேருக்கு நோய் வந்தது, இரண்டு பேர் இறந்தார்கள்.

"காற்றில் பரவாது என்று உலக சுகாதார நிறுவனமே சொன்னதே" என்பீர்கள். சொன்னது, 2020 மார்ச்சில். அந்த ஜூலையிலேயே 239 விஞ்ஞானிகள் காற்றை கவனியுங்கள் என்று பகிரங்கக் கடிதம் எழுதினார்கள். பிறகு அந்த நிறுவனமே தன் நிலையை மாற்றிக்கொண்டது. நாம் மட்டும் ஏன் அந்த மார்ச்சிலேயே நிற்கிறோம்?

"ஏசி ஓடுகிறதே" என்றார் ஒருவர். சாதாரண ஸ்பிளிட் ஏசி வெளிக்காற்றை உள்ளே கொண்டுவராது. எல்லோரும் விட்ட மூச்சையே குளிரவைத்துத் திரும்பத் தரும். வெயில், சத்தம், கொசு என்பதெல்லாம் நியாயம்தான். பத்து நிமிடத்துக்கு ஒரு முறையாவது திறந்து மூடலாமே?

என் அம்மாவுக்கு நுரையீரல் பாதி வேலை செய்யாது. எனக்கு இரண்டு நாள் மூக்கொழுகலோடு போவது அவருக்கு ஆக்சிஜன் வரை போகும். ஒரு முறை போயிருக்கிறது. மூச்சுக்கு ஒரு தரம் தோள்பட்டை ஏறி இறங்கும், ஒரு வாக்கியத்தை முழுசாகப் பேச முடியாது. அதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவள் நான். அதனால்தான் மாஸ்க் போடுகிறேன், அதனால்தான் ஜன்னல் பக்கமாக உட்காருகிறேன். இதற்குப் பெயர் பயந்தாங்கொள்ளித்தனம் என்றால் அப்படியே இருக்கட்டும்.

முன்பின் தெரியாதவர்கள் சிரித்திருந்தால் விட்டிருப்பேன். அன்று சிரித்தவர்களில் இரண்டு பேர் அம்மாவை அந்த நிலையில் ஆஸ்பத்திரிக்கு வந்து பார்த்தவர்கள். என் கையைப் பிடித்து ஆறுதல் சொன்னவர்கள்.