எடைதான் கட்டணம், ஆனால் எடை மட்டுமே அல்ல

ஒரு தாள் கடிதத்துக்கும் நாலு தாள் கடிதத்துக்கும் ஒரே ஸ்டாம்ப் போதும் என்று சொல்வது பாதிதான் சரி. ஏ4 தாள் சதுர மீட்டரில் 16-இல் ஒரு பங்கு. ஆக 80 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 80 கிராம்) தாள் ஒன்று சரியாக 5 கிராம். நாலு தாளே 20 கிராம் ஆகிவிடும். பல நாடுகளில் அஞ்சல் கட்டணத்தின் முதல் படிக்கான எடை வரம்பு 20 கிராம்தான். மூன்றாக மடித்த தாள் போகும் நீளக் கவரே ஏறக்குறைய 5 கிராம் வரும். எனவே மூன்று தாளிலேயே விளிம்பில் நிற்பீர்கள். ஒரு ஸ்டேப்ளர் பின் போதும், அடுத்த படிக்குத் தள்ளிவிட. 70 ஜிஎஸ்எம் தாளுக்கு மாறினால் தாளுக்கு அரை கிராமுக்கு மேல் மிச்சம்.

சமையலறைத் தராசை இதில் நம்பாதீர்கள். 20.4 கிராமையும் அது 20 என்றே காட்டும். ஒரே மாதிரி அழைப்பிதழ்கள் நிறைய அனுப்புவதாக இருந்தால் பத்தைச் சேர்த்து எடை போட்டு, பத்தால் வகுத்துப் பாருங்கள். மழைக்காலத்தில் காகிதம் ஈரம் இழுத்துக் கனக்கும், ஒரு கிராமாவது இடைவெளி விடுங்கள்.

தடிமனையும் கவனிக்க வேண்டும். சாவி, நாணயம் போன்றவை வைத்த கவர், அஞ்சலகத்தில் கடிதங்களைப் பிரிக்கும் இயந்திரத்தின் உருளைகளில் சிக்கிக் கிழியும். அதனால்தான் சில நாடுகளில் கூடுதல் கட்டணம். சதுரக் கவருக்கும் அப்படியே, எந்தப் பக்கம் மேலே என்று இயந்திரத்துக்குத் தெரியாது.

ஸ்டாம்ப் குறைந்தால் பெரும்பாலும் பெறுபவரிடம்தான் வசூல், அதுவும் பல இடங்களில் குறைவாக ஒட்டிய தொகையைவிடக் கூடுதலாக. அவர் வாங்க மறுத்தால் கடிதம் உங்களிடமே திரும்பும், அனுப்புநர் முகவரி எழுதியிருந்தால்.