பழியைப் பெண்கள் மீது போடாதீர்கள்
பெண்கள் குழுவாகச் சேர்ந்து, ஒருவருக்கொருவர் பொறுப்பேற்று, அடமானமில்லாமல் வாங்கும் சிறு கடனான குறுங்கடன் வாராக்கடனாவதற்குக் கடன் வாங்கும் பெண்களின் பொறுப்பின்மையே காரணம் என்று உங்கள் கட்டுரை சொல்வதை ஏற்க முடியவில்லை. 2010-இல் ஆந்திரத்தில் நடந்தது என்ன? ஒரே வீட்டுக்குப் பல நிறுவனங்கள் போட்டி போட்டுக் கடன் கொடுத்தன. ஒன்றின் தவணையை அடைக்க இன்னொன்றில் வாங்கினார்கள். வசூல் கெடுபிடியால் தற்கொலைகள் நடப்பதாகப் புகார்கள் எழுந்து, அக்டோபரில் மாநில அரசு வசூலைக் கட்டுப்படுத்தும் அவசரச் சட்டம் கொண்டுவந்த பிறகு வசூலே பெருமளவு நின்றுபோனது. மாதத் தவணைகள் குடும்ப வருமானத்தில் 50 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்று 2022-இல் ரிசர்வ் வங்கி வகுத்தது நல்ல விதிதான். ஆனால் கூலித் தொழிலாளிக்கு ஏது சம்பளச் சீட்டு? கடன் கொடுக்கும் இலக்கை எட்டியாக வேண்டிய நிறுவனக் களப்பணியாளர் எழுதுவதுதான் வருமானம்! அறுவடையில் மட்டும் காசு பார்க்கும் குடும்பத்திடம் வாரத் தவணை கேட்பது இன்னொரு கொடுமை. ஒருவரால் கட்ட முடியாதபோது குழுவில் மற்றவர்கள் சேர்ந்து கட்டிவிடுவதால் நிறுவனத்தின் கணக்கில் இந்த நெருக்கடி எதுவும் தெரிவதில்லை.