ஜானி ரமோனின் வலது கை

பங்க் ராக் என்ற, எழுபதுகளில் கிளம்பிய அந்த வேகமான ராக் இசையைப் பற்றிப் பேச்செடுத்தாலே, "அது வாசிக்கத் தெரியாதவர்கள் வாசித்த சங்கீதம்தானே" என்று யாராவது சொல்லிவிடுகிறார்கள். பிடிக்காதவர்கள் இகழ்ச்சியாகச் சொல்கிறார்கள். பிடித்தவர்களோ அதையே பெருமையாகச் சொல்கிறார்கள்: மூன்று கார்ட் (பல தந்திகளைச் சேர்த்து ஒலிக்கும் சுரக்கட்டு) கற்றுக்கொள், மறுநாளே குழு தொடங்கு, அவ்வளவுதான் பங்க் என்று. இரண்டு பேச்சும் எனக்கு எரிச்சலைத்தான் தருகின்றன. இந்த இசையின் கிதார் ஒலியை உருவாக்கியவர் என்று ஒருவரைக் கைகாட்ட வேண்டுமானால், நான் ரமோன்ஸ் குழுவின் கிதார் கலைஞர் ஜானி ரமோனைத்தான் காட்டுவேன். மேடைக்கு வருவதற்கு முன் அவர் எங்கே இருந்தார், என்னென்ன செய்தார் என்று ஒருமுறை பார்த்தவர்கள் அப்படிப் பேச மாட்டார்கள்.

இயற்பெயர் ஜான் கம்மிங்ஸ். 1948 அக்டோபரில் பிறந்தவர். நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் உள்ள ஃபாரஸ்ட் ஹில்ஸில் வளர்ந்தவர். அப்பா கட்டட வேலை செய்பவர்; வீட்டுக்கு ஒரே பிள்ளை. ரமோன்ஸ் குழுவின் கதையைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் 1974இல், நியூயார்க்கின் சிபிஜிபி என்ற மதுவிடுதியின் மேடையிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். தோல் ஜாக்கெட்டும் கிழிந்த ஜீன்ஸும் நெற்றியை மறைக்கும் முடியுமாக நான்கு பேர் எங்கிருந்தோ திடீரென்று முளைத்துவிட்டதாக நமக்குத் தோன்றுகிறது. அது உண்மையில்லை. கதை அதற்கு ஏறத்தாழ பத்து வருடங்களுக்கு முன்பே, ஒரு பள்ளிக்கூடத்தில் தொடங்குகிறது.

1964 பிப்ரவரியில் பீட்டில்ஸ் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தோன்றிய பிறகு, அந்த நாட்டில் தெருவுக்குத் தெரு பையன்கள் குழு ஆரம்பித்தார்கள். வீட்டுக் கார் கொட்டகையில் ஒத்திகை, பள்ளி நடன விழாவில் கச்சேரி, அடுத்தவர் பாட்டை வாசிப்பது, பள்ளி முடிந்ததும் கலைந்துபோவது. ஃபாரஸ்ட் ஹில்ஸ் உயர்நிலைப் பள்ளியில் அப்படி உருவான குழுவின் பெயர் டேஞ்சரின் பப்பெட்ஸ். டோனவன் என்ற ஸ்காட்லாந்துப் பாடகரின் இசைத்துண்டு ஒன்றின் பெயரிலிருந்து எடுத்த பெயர் அது. அதில் கிதார் வாசித்தவர் டாமஸ் எர்டேயி. புடாபெஸ்ட்டில் பிறந்து, யூத இன அழிப்பிலிருந்து உயிர் தப்பிய பெற்றோரோடு சிறுவனாக அமெரிக்காவுக்கு வந்தவர். பின்னாளில் டாமி ரமோன் என்று உலகம் அறிந்தது அவரைத்தான். அதே குழுவில் ஜான் கம்மிங்ஸும் இருந்தார்.

குழு எதையும் சாதிக்கவில்லை. பள்ளிக்காலம் முடிந்ததோடு அதுவும் முடிந்தது. ஆனால் எனக்கு இந்தத் தோற்றுப்போன குழுதான் முக்கியம். ரமோன்ஸ் குழுவின் நான்கு பேரில் இருவர் ஏற்கெனவே ஒன்றாக மேடையேறிப் பழகியவர்கள். ஒருவரின் முன்கோபத்தை இன்னொருவர் அறிவார், ஒருவரின் தாளத்தை இன்னொருவர் அறிவார். "நேற்று வரை கிதாரையே தொடாதவர்கள்" என்ற கதை இந்த இடத்திலேயே அடிபட்டுப் போகிறது.

டாமஸ் பள்ளியை விட்டதும் ஒலிப்பதிவுத் துறைக்குப் போனார். நியூயார்க்கின் ரெக்கார்ட் பிளான்ட் ஒலிப்பதிவுக் கூடத்தில் உதவிப் பொறியாளராக வேலை. ஜிமி ஹெண்ட்ரிக்ஸின் 1970ஆம் ஆண்டு இசைத்தட்டின் பதிவுப் பணியில் அவரும் இருந்தார். உலகத்தின் மிகச் சிறந்த கிதார் கலைஞரைப் பக்கத்திலிருந்து பார்த்தவர், அடுத்த சில வருடங்களில் ஒரு சோலோகூட (தனி வாசிப்பு) வாசிக்காத கிதார்காரரைத் தேடிப் போய்க் குழு அமைத்தார். இதை அறியாமை என்றா சொல்வது?

ஜான் இசையை விட்டுவிட்டார். அந்த வருடங்களைப் பற்றித் தன் சுயசரிதையில் மறைக்காமல் சொல்லியிருக்கிறார். மொட்டை மாடியிலிருந்து பழைய தொலைக்காட்சிப் பெட்டிகளைக் கீழே தள்ளுவது, ஜன்னல்களில் செங்கல் எறிவது, சண்டை. இருபது வயதையொட்டி ஒருநாள் அதையெல்லாம் நிறுத்திவிட்டு அப்பாவின் வழியில் கட்டட வேலைக்குப் போனார். குழாய் பொருத்தும் வேலை. மன்ஹாட்டனில் பிராட்வே 1633ஆம் எண்ணில் ஐம்பது மாடிக்கு அருகே உயர்ந்த கட்டடத்தில் அவர் வேலை பார்த்தபோது, அங்கே தபால் பிரிவில் இருந்தவர் டக்ளஸ் கால்வின். அவரும் ஃபாரஸ்ட் ஹில்ஸ்காரர்தான். பின்னாளைய டீ டீ ரமோன். மதிய உணவு இடைவேளையில் இருவரும் சந்தித்துக்கொள்வார்கள். பேச்சு முழுக்க ஸ்டூஜஸ், எம்சி5, நியூயார்க் டால்ஸ் ஆகிய குழுக்களைப் பற்றி.

குழு இல்லாத, கிதார் இல்லாத, கதை சொல்கிறவர்கள் இரண்டே வரியில் தாண்டிவிடுகிற அந்த வருடங்களை நான் வீணானவை என்று ஒத்துக்கொள்ள மாட்டேன். அந்த மனிதர் அப்போது நன்றாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ஹெண்ட்ரிக்ஸையும் லெட் ஜெப்பெலின் குழுவையும் நேரில் பார்த்திருக்கிறார். அன்றைக்குக் கிதார் வாசிப்பது என்றால் அவர்கள் அளவுக்கு வாசிப்பது என்று பொருள். பத்து நிமிடம் நீளும் சோலோ, விரல் வித்தை, ஒரு சுவர் முழுக்க ஆம்ப்ளிஃபயர். குழாய் பொருத்தும் ஒருவர் மாலையில் வீட்டுக்கு வந்து பயிற்சி செய்து எட்டிவிடக்கூடிய தூரம் அல்ல அது. நியூயார்க் டால்ஸ் குழு வந்துதான் அந்தப் பூட்டை உடைத்தது. அவர்கள் மேதைகள் அல்ல. ஆனால் கச்சேரி முடிந்து வெளியே வருகிறவன் முகத்தில் மகிழ்ச்சி இருந்தது. அதைப் பார்த்துவிட்டு டாமஸ் சும்மா இருக்கவில்லை. நீங்கள் இருவரும் குழு ஆரம்பித்தே ஆக வேண்டும் என்று ஜானையும் டக்ளஸையும் விடாமல் நச்சரித்தார்.

இந்தக் கதையில் எனக்கு மிகவும் பிடித்தவர் அந்த நச்சரித்த நண்பர்தான்.

1974 ஜனவரியில் இருவரும் 48ஆவது தெருவிலிருந்த மேனிஸ் மியூசிக் கடைக்குப் போனார்கள். டக்ளஸ் ஒரு டேன் எலெக்ட்ரோ பேஸ் கிதார் வாங்கினார். ஜான் வாங்கியது மாஸ்ரைட் வென்ச்சர்ஸ் டூ என்ற நீல நிறக் கிதார். வரியோடு சேர்த்து ஏறத்தாழ 54 டாலர். கலிபோர்னியாவின் பேக்கர்ஸ்ஃபீல்டில் செமி மோஸ்லி என்பவர் தொடங்கிய நிறுவனத்தின் கிதார் அது. விலை மலிவு, எடை குறைவு, கழுத்துப் பகுதி ஒல்லி. வேறு யார் கையிலும் அவ்வளவாகப் பார்க்க முடியாதது. அவர் வாங்கியதற்கு அவையே காரணங்கள். அப்போது அவருக்கு வயது 25. பதினெட்டு வயதிலேயே புகழ் பெற்றுவிட வேண்டும் என்று நினைக்கும் ஒரு தொழிலில், ஒரு கட்டடத் தொழிலாளி தன் இரண்டாவது முயற்சியைத் தொடங்கிய வயது அது.

இனி அந்தக் கைக்கு வருகிறேன்.

கிதார் வாசிக்கிற எவரிடமும் கேட்டுப் பாருங்கள். வேகமாக வாசிக்க வேண்டுமென்றால் பிளெக்ட்ரத்தை, அதாவது தந்தியை மீட்டும் சிறு தகட்டை, கீழே ஒருமுறை, மேலே ஒருமுறை என்று மாற்றி மாற்றி இழுப்பார்கள். கை போகிற போக்கிலும் திரும்புகிற போக்கிலும் தந்தியைத் தொடுவதால் பாதி உழைப்பு மிச்சம். ஜானி அப்படி வாசிக்கவில்லை. ஒவ்வொரு அடியும் மேலிருந்து கீழ்தான். திரும்பி மேலே வரும்போது கை தந்தியைத் தொடாமல் வெறுமனே வரும். இதில் என்ன கிடைக்கிறது என்றால், மேல்நோக்கி இழுக்கும்போது மெல்லிய தந்திகள் முந்திக்கொள்ளும், ஒலி சற்று இளைத்துப் போகும். கீழ்நோக்கி அடித்தால் ஒவ்வொரு முறையும் தடித்த தந்தி முதலில் அதிரும். எல்லா அடிக்கும் ஒரே எடை. ஒலி இடைவெளியில்லாமல் ஒரே சுவராக எழும்புகிறது. ரமோன்ஸின் "பிளிட்ஸ்க்ரீக் பாப்" பாட்டின் வேகம் நிமிடத்துக்கு ஏறத்தாழ 176 தாளம். ஒரு தாளத்துக்கு இரண்டு அடி என்று கணக்குப் போட்டால் வினாடிக்கு ஏறத்தாழ ஆறு அடி. அத்தனையும் கீழ்நோக்கி.

இடது கையும் ஓய்வெடுப்பதில்லை. பிற்காலத்துப் பங்க் குழுக்கள் பலவும் இரண்டு மூன்று தந்திகளை மட்டும் அழுத்தி வாசிக்கும் எளிய வழிக்குப் போய்விட்டன. ஜானி ஆட்காட்டி விரலை ஆறு தந்திகளின் மீதும் முழுதாகக் கிடத்தி, முழு கார்டையும் பிடிப்பார். நான் இதை வீட்டில் முயன்று பார்த்திருக்கிறேன். முதல் பாட்டின் பாதியிலேயே முன்னங்கை இறுகத் தொடங்கும். பிறகு தோள். பிறகு உங்களை அறியாமலேயே கை மேல்நோக்கி ஓர் அடி திருடிக்கொள்ளும். அவரோ மேடையில் பாட்டுக்குப் பாட்டு நிற்காமல், இப்படியே ஒரு முழுக் கச்சேரி வாசித்தார். இருபத்திரண்டு வருடங்கள் வாசித்தார்.

இந்த முறை அவருக்கு வானத்திலிருந்து விழவில்லை. லெட் ஜெப்பெலினின் முதல் இசைத்தட்டில் உள்ள "கம்யூனிகேஷன் பிரேக்டவுன்" பாட்டில் அந்தக் குழுவின் கிதார் கலைஞர் ஜிமி பேஜ் வாசிக்கும் அந்த அவசரமான பகுதியைத்தான் தன் முன்மாதிரியாக அவரே குறிப்பிட்டிருக்கிறார். பங்க் எதை எதிர்த்தது என்று சொல்கிறார்களோ, அந்தக் குழுவிடமிருந்தே அவர் தனக்கு வேண்டியதை எடுத்திருக்கிறார். பேஜ் செய்த நூறு காரியங்களில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொண்டு மற்ற தொண்ணூற்றொன்பதையும் வேண்டாம் என்று விட்டுவிட்டார். தெரியாததால் சுருக்கமாக வாசிப்பது வேறு, வேண்டாம் என்று முடிவெடுத்துச் சுருக்கமாக வாசிப்பது வேறு. இந்த வேறுபாட்டைத்தான் நம் ஆட்கள் பார்க்க மறுக்கிறார்கள்.

தொடக்கம் ஒன்றும் அழகாக இல்லை. 1974 மார்ச் 30ஆம் தேதி, டாமஸும் அவருடைய நண்பர் மான்டி மெல்னிக்கும் நடத்திவந்த பெர்ஃபார்மன்ஸ் ஸ்டுடியோஸ் என்ற சிறிய இடத்தில் முதல் கச்சேரி. மூன்றே பேர். ஜான் கிதார். டக்ளஸ் பேஸும் பாட்டும். டிரம்ஸில் ஜெஃப்ரி ஹைமன், அதாவது ஜோயி. அவர் ஏற்கெனவே ஸ்னைப்பர் என்ற கிளாம் (பளபளப்பான உடையும் ஒப்பனையுமாக மேடையேறும் ராக்) குழுவில் பாடகராக இருந்தவர். டக்ளஸால் பாடிக்கொண்டே பேஸ் வாசிக்க முடியவில்லை. ஜோயியால் அந்த வேகத்துக்கு டிரம்ஸ் அடிக்க முடியவில்லை. பார்க்க வந்திருந்த நண்பர்களுக்கே சங்கடமாகிவிட்டது.

அதோடு கலைந்துபோயிருக்கலாம். டேஞ்சரின் பப்பெட்ஸ் அப்படித்தானே போனது? இந்த முறை அவர்கள் கலையவில்லை, ஆட்களை இடம் மாற்றினார்கள். ஜோயியை டிரம்ஸிலிருந்து எழுப்பி ஒலிவாங்கியின் முன் நிறுத்தினார்கள். டிரம்ஸுக்குப் பலரை அழைத்து வாசிக்கச் சொல்லிப் பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லோரும் அந்தக் காலத்துக் கனமான ராக் பாணியில் உருட்டினார்களே தவிர, இவர்களுக்கு என்ன வேண்டும் என்பது எவருக்கும் புரியவில்லை. எப்படி அடிக்க வேண்டும் என்று காட்டிக் காட்டியே கடைசியில் டாமஸ் தானே உட்கார்ந்துவிட்டார். அவர் டிரம்ஸ் வாசிப்பவரே அல்ல. ஜானியின் வலது கை எங்கே விழுகிறதோ அங்கே தானும் விழ வேண்டும் என்பதை மட்டும் அறிந்திருந்தார். பள்ளிக்கூடத்தில் தொடங்கிய பழக்கம் அது.

1974 ஆகஸ்ட் 16ஆம் தேதி சிபிஜிபியில் முதல் கச்சேரி. போவரி தெருவில் ஹில்லி கிரிஸ்டல் நாட்டுப்புறப் பாட்டுக்காகத் தொடங்கி, ராக் குழுக்களின் புகலிடமாக மாறிப்போன விடுதி அது. கேட்க வந்தவர்கள் மிகச் சிலர். அடுத்தது எந்தப் பாட்டு என்று மேடையிலேயே சண்டை போட்டுக்கொண்டார்கள். ஆனாலும் விடாமல் அங்கே வாசித்தார்கள். ஜானி குழுவைக் கட்டட வேலைபோலவே நடத்தினார். நேரத்துக்கு வர வேண்டும், ஒத்திகையைத் தவிர்க்கக் கூடாது, செலவு கையை மீறக் கூடாது. எங்கே வாசித்தோம், எவ்வளவு பணம் வந்தது என்பதை நோட்டுப் புத்தகத்தில் எழுதிவைத்தார். கடுமையான மனிதர், பிடிவாதக்காரர். பின்னாளில் ஜோயியும் அவரும் ஒரே வண்டியில் பயணம் செய்துகொண்டே பல வருடங்கள் பேசிக்கொள்ளாமல் இருந்தார்கள். அவருடைய வலதுசாரி அரசியலிலும் எனக்கு உடன்பாடு இல்லை. அதற்காக அவருடைய உழைப்பைக் குறைத்துச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

முதல் இசைத்தட்டை 1976 பிப்ரவரியில், ரேடியோ சிட்டி மியூசிக் ஹால் கட்டடத்துக்குள் இருந்த பிளாசா சவுண்ட் கூடத்தில் பதிவு செய்தார்கள். ஏறத்தாழ ஒரு வாரம், 6,400 டாலர், 14 பாட்டுகள், மொத்தமே 29 நிமிடம். பெரிய குழுக்கள் மாதக்கணக்கில் கூடத்தில் கிடந்த காலம் அது. இவ்வளவு வேகமாக முடிந்ததைக் கவனக்குறைவு என்று நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும்: மேடையில் தேய்த்துத் தேய்த்துத் தயாரான பாட்டுகளைப் பதிவு செய்ய ஒரு வாரத்துக்கு மேல் எதற்கு? ஏப்ரலில் இசைத்தட்டு வெளிவந்தது. விற்பனை மோசம். அமெரிக்காவில் ஐந்து லட்சம் பிரதி என்ற தங்கத்தட்டுச் சான்று கிடைக்க 2014 வரை ஆனது. அதற்குள் ஜோயி, டீ டீ, ஜானி மூவருமே போய்ச் சேர்ந்துவிட்டார்கள். அந்தச் சான்றைப் பார்க்க உயிரோடு இருந்தவர் டாமி மட்டும்தான். அவரும் அந்த வருடம் ஜூலையில் இறந்தார்.

1976 ஜூலை 4ஆம் தேதி லண்டன் ரவுண்ட்ஹவுஸ் அரங்கில் அவர்கள் வாசித்த அதே இரவில்தான் ஷெஃபீல்டில் கிளாஷ் என்ற பிரிட்டிஷ் பங்க் குழு முதல்முறை மேடையேறியது. இரண்டு நாள் கழித்து லண்டனில் டேம்ன்டு என்ற இன்னொரு பங்க் குழுவின் முதல் கச்சேரி. எல்லாம் இவர்களால்தான் என்று நான் சொல்லவில்லை. அந்த ஊரில் அதற்கான வேலை தனியாகவே நடந்துகொண்டிருந்தது. ஆனால் கிதாரை எப்படி அடிப்பது என்ற கேள்விக்கு அந்த இசைத்தட்டு ஏற்கெனவே பதில் வைத்திருந்தது.

"வாசிக்கத் தெரியாதவர்கள்" என்று இனியும் சொல்ல நினைப்பவர்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். அந்த முதல் இசைத்தட்டை ஹெட்போனில் போடுங்கள். பழைய பீட்டில்ஸ் பதிவுகளைப்போல அதில் ஒரு காதில் பேஸ் கேட்கும், மறு காதில் கிதார். பேஸ் வரும் பக்கத்தைக் கழற்றிவிட்டு, கிதாரை மட்டும் முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை கேளுங்கள். எந்த இடத்திலாவது அந்தக் கை தளர்ந்ததாக உங்கள் காதுக்குப் பட்டால், எந்தப் பாட்டில், எத்தனையாவது வினாடியில் என்று இங்கேயே எழுதுங்கள். பேசலாம்.