டேக் எண் வந்தால் போதுமா?

வங்கிப் பரிவர்த்தனையை உறுதிசெய்யும் டேக் (TAC) எண் குறுஞ்செய்தியில் வருவதால் பணம் பத்திரம் என்று உங்கள் கட்டுரையில் எழுதியிருக்கிறீர்கள், ஐயா. எனக்கு உடன்பாடில்லை. கைப்பேசிக்குக் கடவுச்சொல் போட்டாலும் குறுஞ்செய்தி வழிநெடுக மறையாக்கத்தோடு (பிறர் படிக்க முடியாதபடி மாற்றப்பட்டு) வருவதில்லை. தொலைத்தொடர்பு நிறுவனத்தின் கணினியில் அதைப் படிக்க முடியும். அனுப்புநர் பெயரைப் போலியாக வைத்தால், வங்கியின் பழைய செய்திகளுக்குக் கீழேயே மோசடிச் செய்தியும் வந்து உட்கார்ந்துகொள்ளும். எங்கள் சுங்கை சிப்புட் தோட்டப்பக்கத்துப் பெரியவர்கள் பெயரைப் பார்த்தே நம்பிவிடுகிறார்கள் (ஓய்வுக்காலச் சேமிப்பான இபிஎஃப் பணமும் அவர்கள் கையில் இருக்கும்). நம் எண்ணுக்கு வேறொருவன் புது சிம் வாங்கிவிட்டால் டேக் எண் நேரே அவனுக்குத்தான். மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா 2022-இலேயே வங்கிகளைக் குறுஞ்செய்தியில் டேக் எண் அனுப்பும் முறையைக் கைவிடச் சொல்லிவிட்டதே! மோசடியில் பணம் போனதாகத் தெரிந்தால் உடனே தேசிய மோசடி எதிர்வினை மையத்தின் 997 எண்ணுக்கு அழைக்கலாம். அதையும் கட்டுரையில் சேர்த்துவிடுங்கள்.